வாசலக்காவின் இடது கை

புது வெளியீட்டைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் வாசலக்கா மவுஸை வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் வைக்கிறார். நாற்காலியும் மாறுகிறது: வழக்கமான சுழல் நாற்காலி வேண்டாம், சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துவந்த மரநாற்காலிதான். எதிரே இருக்கும் பழைய மடிக்கணினியில் துளி சமாச்சாரம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். "வலது கைக்கு எல்லாம் தெரியும். நான் யோசிக்கறதுக்குள்ள அது பாட்டுக்கு ஓடிடும். இடது கைதான் திருதிருன்னு முழிக்கும். புதுசா வர்றவங்களும் அப்படித்தானே முழிப்பாங்க?" என்பார், கேட்டவர்களிடம். கேட்காதவர்களிடமும்தான்.

வயது ஐம்பத்தாறு. பகலில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அறிக்கை அச்சிட்டுத் தரும் மென்பொருளைக் கட்டிக் காக்கிறார். அது எழுதப்பட்ட கணினி மொழிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சம்பளமில்லாமல் அந்த மொழியைப் பராமரிக்கும் பதினோரு பேர் கொண்ட குழுவில் இவரும் ஒருவர். புதிதாகக் கற்க வருகிறவர்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்குப் பத்தொன்பது வருடமாகப் பதில் போடுவது இவர் வேலை. யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடியே இருப்பதால் குழுவில் எல்லோருக்கும் வாசலக்கா. இவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

ஒரே ஒருவர் வந்து, ஓடாமல் நின்றுவிட்டால், அந்த அஞ்சல் பெட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்க வேண்டும். இதுதான் அவருடைய பேராசை. வருகிறவர்கள் என்னவோ எட்டிப் பார்த்துவிட்டு, பார்ப்பதற்கே பழசாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் மொழிக்கு அவ்வப்போது ஒப்பனை நடக்கும். இதுவரை மூன்று முறை புதுச் சின்னம் வந்திருக்கிறது, மூன்று முறையும் அது போட்ட பீங்கான் கோப்பை வந்திருக்கிறது. முதல் கோப்பையில் பேனாக்கள், இரண்டாவதில் பல் துலக்கும் பிரஷ்கள், மூன்றாவதில் ஒரு செடி. "உங்க மொழிக்கு இன்னும் எத்தனை தடவைதான் பொண்ணு பார்க்க வருவாங்க?" என்று அவர் கணவர் கேட்பார். வாசலக்கா சிரிக்கமாட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

நான்காவது ஒப்பனை இந்த வருடம். சின்னம் நீலமா ஊதாவா என்று இரண்டு மாதம் வாக்கெடுப்பு நடந்து ஊதா வென்றது. இணையதளம் பளபளவென்று ஆனது. முகப்பில் பெரிய எழுத்தில், 'ஐந்தே நிமிடத்தில் உங்கள் முதல் நிரல்.' வெளியிடுவதற்கு முன் காலிக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது வாசலக்காவே போட்ட விதி. பதினேழு வெளியீடுகளுக்குத் தவறாமல் செய்திருக்கிறார். இந்த முறை குழுத் தலைவர் 'பார்த்தாச்சா?' என்று கேட்டபோது வெள்ளிக்கிழமை மாலை. ஆஸ்பத்திரியில் அன்று முழுக்க அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டி வந்திருந்தார். மற்ற பத்துப் பேரும் தங்கள் கணினியில் ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். மறுபடியும் ஒன்றரை மணி நேரமா என்று நினைத்தார். 'பார்த்துவிட்டேன்' என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பத்து நாட்களில் நாற்பத்தோரு பேர் தளத்தில் பெயர் பதிந்தார்கள், அஞ்சல் பெட்டியில் மட்டும் பேச்சு மூச்சில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அதனால்தான் யாரும் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருட அனுபவம் இருந்தும் எடுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள், ஞாயிறு காலை, ஒரு கடிதம் வந்தது. 'மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வயது முப்பத்தெட்டு. மூன்று நாளாக முயன்றேன், மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்கெல்லாம் மூளை இல்லை என்று தெரிந்துகொண்டேன். என் பெயரை நீக்கிவிடவும்.' கீழே தொலைபேசி எண்.

படித்ததும் வாசலக்காவுக்குச் சுரீரென்றது. மடிக்கணினியை அழித்தார், மரநாற்காலியைப் போட்டார், இடது கையால் ஒவ்வொரு படியாகப் போனார். மூன்றாவதில் நின்றது. துணைக் கோப்பு ஒன்று விடுபட்டிருந்தது. குழுவில் இருந்த அத்தனை பேர் கணினியிலும் அந்தக் கோப்பு பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறது. அதனால் அவர்களுக்கெல்லாம் ஓடியது. புதிதாக வந்த ஒருவருக்குக்கூட ஓடியிருக்க வழியில்லை.

தலைவரை அழைத்துச் சொன்னார்.

"கோப்பைச் சேர்த்துடுங்க, அவ்வளவுதானே. ஆனா தளத்துல ஒண்ணும் எழுதாதீங்க வாசலக்கா. எல்லாரும் சின்னம் பிரமாதம்னு சொல்லிட்டிருக்காங்க. இப்பப் போய் அபசகுனமா..."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா நாம பதினோரு பேரு. வந்தவங்க நாப்பத்தோரு பேரும் தங்களுக்கு மூளை இல்லன்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. நான் பார்த்தேன்னு பொய் சொன்னதால போயிட்டாங்க."

"என்னமோ பண்ணுங்க" என்றார் தலைவர். அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. வாசலக்கா கோப்பைச் சேர்த்தார். ஊதாச் சின்னத்துக்கு நேர் கீழே எழுதினார்: 'பத்து நாட்களாக இந்தப் பக்கத்தில் ஒரு கோப்பு விடுபட்டிருந்தது. உங்களுக்கு ஓடவில்லை என்றால் தவறு உங்களுடையதல்ல. சோதித்துவிட்டேன் என்று சொன்னது நான். சோதிக்கவில்லை.'

பிறகு மடிக்கணினியை இன்னொரு முறை அழித்தார். அது முடிகிறவரை தூங்கலாம் என்று படுத்தார், தூக்கம் வரவில்லை. மதியம் அந்த எண்ணை அழைத்தார். தான் யார் என்று சொன்னார்.

"ஐயோ, நீங்க எதுக்கு மேடம் கூப்பிட்டுக்கிட்டு? எனக்குத்தான் ஏறல."

"உங்களுக்கு ஏறாம இல்லம்மா. படியே வைக்காம மேல வாங்கன்னு கூப்பிட்டுட்டோம். தப்பு என்னோடது. இன்னொரு தடவை பார்க்கலாமா?"

எதிர்முனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது.

"இன்னிக்கு லீவுதான். ஆனா மறுபடியும் நின்னுடுச்சுன்னா? எனக்கு இன்னொரு தடவை தாங்காது மேடம்."

ஓடும் என்று சொல்ல வாசலக்காவின் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியலம்மா. சரி பண்ணிட்டேன், ஆனா இன்னும் ஓட்டிப் பார்க்கல. என்கிட்டயும் ஒரு காலிக் கணினி இருக்கு. நின்னா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே நிக்கட்டும்."

"சரி, திறந்துட்டேன். முதல் வரியைப் படிக்கட்டுமா?"

"படிங்க."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வாசலக்கா மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்தார்.