பின்வாசலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள்

காவல் நிற்பவரைக் கண்டே ஒருவர் சுற்றுவழியில் போனால், அந்தக் காவலுக்கு என்ன பொருள்? கல்லூரியின் பின்வாசலில் பதினேழு ஆண்டுகளாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு இந்தக் கேள்வி ஐம்பத்தாறு வயதுவரை தோன்றவில்லை. கேட்பதுதான் அவர் வேலை. அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் விசாரணைக் கமிஷன். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். "எங்க போற? கூட வர்ற பையன் யாரு? வீட்டுக்குத் தெரியுமா?" எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கே கேட்கிற குரல். கெட்ட எண்ணம் கிடையாது. கேட்காமல் விட்டால் வாங்குகிற சம்பளம் செரிக்காது என்று நினைக்கிற மனிதர்.

பின்வாசல் வேண்டாமென்றால் மதிலோரச் சந்து வழியாகச் சுற்றித்தான் முன்வாசலுக்குப் போக வேண்டும். அந்தச் சந்தில் ஒருநாள் காலை ஒரு மாணவியின் கையை எவனோ பிடித்து இழுத்தான். உதறிவிட்டு ஓடித் தப்பித்தாள். "என் கேட் வழியா வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அவர் யாரிடம்தான் சொல்லவில்லை!

கல்லூரி ஒரு குழு போட்டது. வளாகத்தின் வரைபடத்தை நூலகச் சுவரில் மாட்டி, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டச் சொன்னார்கள். பேராசிரியர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஆளுக்கு மூன்று புள்ளி. அவருடைய மூன்றும் சட்டைப் பையிலேயே கிடந்தன. நமக்கென்ன பயம்?

நூலகத்தில் உதவியாளராக இருந்த அவர் மனைவி, நான்காம் நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"மேப்புல உங்க கேட்டுக்கு அம்மை போட்டிருக்கு."

"என்ன உளர்ற?"

"போய்ப் பாருங்க. செவப்பா அப்பிக் கெடக்கு. சந்துல கூட அவ்வளவு இல்ல."

"லைட் எரியல, அதான். ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"ஆமா, லைட்டுதான் வாயத் தொறந்து கத்துது."

கையைக் கழுவிவிட்டு நேரே நூலகத்துக்குப் போனார். சந்தில் தப்பித்த அந்தப் பெண் வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், அநேகமாக முதல் தடவையாக.

"ஏம்மா, அன்னைக்கு நீ ஏன் சந்து வழியா போன?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணா. முந்தின நாள் எங்கண்ணன் என்னை பைக்ல கொண்டுவந்து விட்டான். யாரு இவன்னு கேட்டீங்க. அண்ணன்னு சொன்னேன். 'எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க'ன்னீங்க. பஸ் ஸ்டாப்பே சிரிச்சுது. அதான் மறுநாள் சுத்திப் போனேன்."

சொன்னது அவருக்கு நினைவிருந்தது. நல்ல நகைச்சுவை என்று அன்று நினைத்ததும் நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். பின்வாசலில்தான் புள்ளிகள் அதிகம், அதனால் அதை மூடிவிடலாம் என்றார் துணை முதல்வர். "நம்ம ஆளையும் மெயின் கேட்டுக்கு மாத்திடலாம். இத்தனை வருஷ சர்வீஸ், பாவம்." கண்ணாடிக் கேபின், மின்விசிறி, புதுச் சீருடை. பல வருடங்களாக அவர் ஆசைப்பட்ட இடம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவரைக் காட்டிக்கொடுக்கிறவளாகத் தெரியவில்லை.

அவர் எழுந்தார்.

"சார், கேட்டை மூடாதீங்க. மூடினா எல்லாப் பிள்ளைங்களும் அந்தச் சந்துலதான் நடக்கணும். புள்ளி கேட்டுக்கு இல்ல சார். என் வாய்க்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். இதை வீரம் என்று சொல்ல வேண்டியதில்லை. தாமதமாகச் சொன்ன உண்மை, அவ்வளவுதான்.

பின்வாசல் மூடப்படவில்லை. அடையாள அட்டையை மட்டும் பார்க்கும் வேறொருவர் அங்கே வந்தார். முன்வாசல் இடத்தை அப்போதும் இவருக்கே கொடுப்பதாகச் சொன்னார்கள். இவர் எழுதிக் கொடுத்த மனுவில் கேட்டிருந்தது மதிலோரச் சந்தை.

"கண்ணாடிக் கேபினை விட்டுட்டு அங்க போய் என்ன பண்ணப் போறீங்க? நிறுத்திக் கேள்வி கேக்க ஒரு கேட்டு கூடக் கிடையாதே?" என்றாள் மனைவி.

"காத்து நல்லா வரும்."

இரண்டு பக்கமும் ஆளுயர மதில். காற்று எங்கிருந்து வரும் என்று அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சந்தின் நடுவில், போகிற வருகிறவர் முகத்தைப் பாராமல் எதிர்மதிலைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார்.