தாய் வீட்டுக்குப் போனவர்களை நான் எண்ணவில்லை

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததை நான் ஓர் அட்டவணையில் எண்ணினேன். காலனியிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போன பெண்களை எண்ணவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். ஆனால் தெரிந்தே எப்படிச் செய்தேன் என்று சொன்னால்தான் என் மேல் வர வேண்டிய கோபம் ஒழுங்காக வரும்.

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர் என்று இன்று சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. நிலம் போனாலும் ஊர், காலனி என்ற பிரிவு போகவில்லை. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த சாதிக்காரர்கள் நாங்கள். அந்தப் பக்கம் காலனி. தோல் பதனிடும் வேலைக்காகச் செங்கல்பட்டுக்கு அப்பாலிருந்து வந்து தங்கிய தலித் குடும்பங்கள். தோல் ஷெட்டுகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆண்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கக் கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் எங்கள் தெருக்களில் குப்பை அள்ளுகிறார்கள்.

நான் அரசில் புள்ளியியல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு ஓர் அறக்கட்டளை என்னை அழைத்தது. ஊர்ப் பெண்களுக்கும் காலனிப் பெண்களுக்கும் பிரசவத்தில் இருக்கும் இடைவெளியைக் குறைப்பது அவர்கள் திட்டம். அதற்காகக் காலனியில் ஓர் அறை எடுத்து ஒரு செவிலியரை அமர்த்தினார்கள். ரத்தம் குறைந்த கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே இரும்புச் சத்து டிரிப் ஏற்றுவார்கள். இடைவெளி குறைகிறதா என்று அளப்பது என் வேலை. தாய் பிழைத்தாளா, பிள்ளை பிழைத்ததா, பிள்ளையின் எடை என்ன, தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு விதி எழுதினேன். ஊர், காலனி என்ற இரண்டில் பிரசவம் எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்த எல்லையின் கணக்கில் சேரும். எழுதும்போது இதில் எனக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏழாம் மாதம் கைநிறைய வளையல் அடுக்கி, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைப்போம். ஊர்ப் பக்கம் தாய் வீடு என்பது எங்கள் வீடு. பெங்களூரிலும் கோவையிலும் வாழப்போன பெண்கள் பிரசவத்துக்கு இங்கே வந்து மாடி அறையில் படுத்துக்கொள்வார்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஸ்கேன் எல்லாம் முடித்துக் கோப்போடு வந்து இறங்குவார்கள். காலனியில் நடப்பது இதற்குத் தலைகீழ். அங்கே வீட்டுக்கு ஒரே அறை, மகள் வந்து படுக்க இடமில்லை. மருமகள்களோ மதுராந்தகம், செய்யூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். தலைப்பிரசவத்துக்கு அங்கே போய்விடுவார்கள். போனவர்கள் என் எல்லைக்கு வெளியே. என் தாளில் மிஞ்சியவர்கள் இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்கு இங்கேயே தங்கிய, உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்த பெண்கள்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தச் செவிலியர். காலனியில் பிறந்து, அங்கிருந்து முதன்முதலாக நர்சிங் படித்தவர். திட்டம் முடியும் மாதம், பதிவேடுகளில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். டிரிப் ஸ்டாண்டுகளுக்கு நடுவே நின்று என் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"சார், இதுல எங்காளுங்க பாதிப் பேர் இல்லையே."

"யார் இல்லை?"

"ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போனவங்க. டிரிப் ஏத்தி அனுப்பினது நான். எப்படிப் பெத்தாங்கன்னு இதுல ஒண்ணும் இல்ல."

"எல்லைக்கு வெளியில நடந்தது வராதும்மா. அதுதான் விதி."

"வெளியிலேர்ந்து உள்ள வந்தவங்க மட்டும் வர்றாங்களே? உங்க பொண்ணு பெங்களூர்லேர்ந்து வந்துதானே பெத்தாங்க? இதோ, உங்க தெருவுல எழுதியிருக்கீங்க."

"அது எல்லைக்குள்ள நடந்தது."

அவர் சிரித்தார். அதுவரை அளந்து பேசிக்கொண்டிருந்தவருக்குக் கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "நல்லா கீதே சார் உங்க விதி! தின்னு வளந்தவள உள்ள இஸ்துக்குது, சோகை புடிச்சவள வெளிய தள்ளிவுட்டுடுது. அப்பால ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு காட்டுது."

ஊசிப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து நீட்டினார். போன ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டு விசாரித்து எழுதியிருந்தார். எந்தக் கிராமம், பிள்ளை என்ன எடை, தாய் எப்படி இருக்கிறாள். சில பெயர்களுக்கு எதிரே எடை இல்லை, ஒரு கோடு மட்டும் இருந்தது.

ஒரு பக்கம் படித்தேன். ஒரு பக்கமே போதும். அவர் சொல்வது சரி என்று அங்கேயே, நின்ற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"இது பதிவேடு இல்லை. நீ ஊசி போடு. எண்ணுற வேலைய நான் பாத்துக்கறேன்."

அந்த நிமிடம் வரை அவரை நீங்க என்றுதான் பேசிவந்தேன். மரியாதை தானாகக் கழன்று விழுந்தது. எவ்வளவு லேசாக ஒட்டியிருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஏன் அப்படிச் செய்தேன்? பத்து நாளில் கிண்டியில் ஓர் ஓட்டலில் அறிக்கை வாசிக்க வேண்டியிருந்தது. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பொய். நோட்டைச் சேர்த்துத் திரும்ப எண்ண மூன்று நாள் போதும். உண்மை வேறு. ஒரு காலனிப் பெண் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இதைவிட நாகரிகமாக இதைச் சொல்ல வழி இருந்தால் எனக்கு வேண்டாம்.

அறிக்கை வாசித்தேன். இடைவெளி மூடிவிட்டது என்றேன். கை தட்டினார்கள், ஒரு கேடயம் கொடுத்தார்கள். இடைவெளிதான் மூடிவிட்டதே, இனி அறை எதற்கு என்று அறக்கட்டளை வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. டிரிப் ஸ்டாண்டுகள், மருந்து ஃபிரிட்ஜ், படுக்கைகள் எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. பார்க்க நான் போகவில்லை. செவிலியர் குரோம்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, எங்கள் தெருவில் குப்பை வாங்கும் அம்மா இரண்டு வாரம் வரவில்லை. அவர் காலனிக்காரர். தெரு வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். நானும் ஒரு வரி எழுதினேன். பிறகு ஒரு காலையில் பேட்டரி வண்டியோடு வந்து நின்றார். பொறுப்பான குடிமகனைப் போலக் கேட்டேன்:

"என்னம்மா, ரெண்டு வாரமா ஆளே காணோம்? தெருவே நாறிப்போச்சு."

அவர் என் கையிலிருந்த வாளியை வாங்கவில்லை.

"மருமவ செத்துட்டா சார். அதான் வரல. நாத்தத்துக்கு மன்னிச்சுக்கோ."

எப்படி என்று கேட்டேன்.

"எப்பிடின்னு உனக்குத் தெரியாதா? செவ்வா செவ்வா போய் ரத்தத்துக்கு ஏத்திக்கினு இருந்தா. பாதியில ரூம பூட்டிக்கினு பூட்டானுங்க. ஏழாம் மாசம் செய்யூர் பக்கம் அம்மா வூட்டுக்குப் போனா. புள்ள பொறந்துச்சு, ரத்தம் நிக்கல. வண்டி புடிச்சிக்கினு வர்ற வழியிலயே முடிஞ்சிச்சு. நர்ஸு பொண்ணு எழவுக்கு வந்து எல்லாம் சொல்லிச்சு. காலனிப் பொண்ணுங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக் குடுத்தது நீதானாமே?"

"அம்மா, அந்த விதிப்படி…"

"விதியா? நீயே எழுதிக்கினு அதுக்குப் பேரு விதியா? உன் பொண்ணு இங்க வந்து பெத்தத எண்ணிக்கின இல்ல? என் மருமவ அங்க போய் செத்தத எவன் எண்ணுவான்? சொல்லு சார், படிச்சவன்தானே!"

எதிர் வீட்டுப் பால்கனியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்த அம்மா வாளியைப் பிடுங்கி, வண்டியில் தட்டி, காலி வாளியை என் காலருகே போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் குரோம்பேட்டைக்குப் போய்க் கிளினிக் வாசலில் நின்றேன். செவிலியர் வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே போனேன். வயதானவன் பின்னால் ஓடி வருவதைப் பார்த்தாவது நிற்பார் என்று நினைத்ததும் ஒரு சூழ்ச்சிதான். அவர் நிற்கவில்லை. நிறுத்தத்தில்தான் பிடித்தேன். திரும்ப எண்ண வேண்டும், நோட்டு வேண்டும் என்றேன்.

"எதுக்கு? இன்னொரு ஷீல்டு வாங்கவா?"

"ரூம் திரும்பத் திறக்கணும். அதுக்கு."

"நோட்டு உங்க கைக்கு வராது. நான் படிக்கிறேன், எழுதிக்கோங்க."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து எழுதினேன். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வழியாகப் போனவர்கள், "யாருக்கா இந்தப் பெரிசு?" என்று கேட்க, "நம்மள எண்ண வந்தவரு, இன்னும் எண்ணி முடிக்கல" என்று அவர் பதில் சொன்னார். அவர் படித்த ஒவ்வொரு பெண்ணையும் அவள் கர்ப்பகாலத்தில் வாழ்ந்த பக்கத்தில் வைத்தேன். வெளியிலிருந்து ஊருக்குப் பெற வந்தவர்களை நீக்கினேன். இடைவெளி மூடவில்லை. அந்த அறை இருந்தவரை கொஞ்சம் குறைந்துவந்தது, அவ்வளவுதான். குறைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் போய் நிறுத்தியிருக்கிறேன்.

கடிதம் எழுதி அறக்கட்டளை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். என் மகன் வயது அதிகாரி. பழைய அறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"சார், இது உங்க சைன்தானே?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு எழுதின உங்கள நம்புறதா, இன்னிக்கு எழுதுற உங்கள நம்புறதா? அந்த நர்ஸுக்கு வேலை போச்சு, கோவம் இருக்கும். நீங்க சீனியர், எமோஷனல் ஆகிட்டீங்க. விடுங்க சார், காபி சாப்பிடுறீங்களா?"

கடிதத்தின் நகலைச் செவிலியரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். 'தாய் வீடு சென்ற பெண்கள் கணக்கில் விடுபட்டுவிட்டனர்' என்று எழுதியிருந்தேன்.

"விடுபடல. நீங்க விட்டீங்க. நான் சொல்லியும் விட்டீங்க. இத எழுத மட்டும் பேனா ஓடலயா?"

அன்று அங்கேயே, படியில் உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'செவிலியர் நோட்டுடன் சுட்டிக்காட்டிய பிறகும், அது சரி என்று தெரிந்தே, அந்தப் பெண்களை நான் சேர்க்கவில்லை.' அறிக்கை வாசித்த அன்று கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதை அனுப்பினேன். பழைய சகாக்கள் சிலர் இப்போது போனை எடுப்பதில்லை. தவறு நடந்துவிட்டது என்றால் மழுப்பலாம். தெரிந்தே செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மழுப்ப முடியாது. கடைசியில் அறக்கட்டளைக்காரர்கள் திரும்ப எண்ணச் சம்மதித்தார்கள். வேறு ஆட்களை வைத்து, கர்ப்பகாலத்தில் வாழ்ந்த இடத்தை வைத்து. செவிலியர்தான் போன் செய்து சொன்னார்.

"உங்கள கிட்டயே சேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. ரூம் திறப்பாங்களான்னு எண்ணி முடிச்சாத்தான் தெரியும்." நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

போன வாரம் திரும்ப எண்ணுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்று, இந்த வீட்டில் பிரசவம் நடந்ததா என்று கேட்டார். அதே நேரம் குப்பை வண்டியும் வந்து நின்றது.

"நடந்தது. என் மகள். ஆனா கர்ப்பமா இருந்தது பெங்களூர்ல. எங்க ஊர்க் கணக்குல எழுதாதீங்க."

"அப்ப வெளியூர்னு போட்டுடவா சார்?"

"போடுங்க."

வண்டியருகே நின்ற அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் பேசினார்.

"எங்க பக்கமும் வா கண்ணு. என் வூடு ஏரிக்கரையாண்ட. என் மருமவளும் வெளியூருல போய்த்தான் பெத்தா. ஆனா ஏழு மாசம் என் வூட்ல இருந்தா. அவள எங்க பக்கம் எழுதணும்."

"எழுதறேம்மா. அவங்க வீட்ல இருப்பாங்களா?"

"இல்ல. ஆனா எழுது."

பிறகு வாளியை எடுத்துத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.