களத்தில் விரித்த கடற்கரை

எங்கள் வீட்டில் மார்கழிக் குளிரைப் பற்றிப் பேச்சு வந்தால் பின்னாலேயே கரீபியன் கடலும் வந்துவிடும். சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காப்பித் தோட்டத்தை வைத்துக்கொண்டு, வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் ஆளை ஆள் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கடலோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், அப்பா அங்கே கப்பலில் வேலை பார்த்தார்.

சரக்குக் கப்பல் இல்லை. வசதியானவர்கள் விடுமுறைக்கு ஏறிப் போகிற கப்பல். அமெரிக்காவில் பனி கொட்டத் தொடங்கினால் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வெயில் காய அந்தத் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைத் தீவு தீவாக இறக்கி ஏற்றுவது கப்பலின் வேலை. அவர்களுடைய துணிமணிகளைத் துவைத்து மடித்துக் கொடுப்பது அப்பாவின் வேலை. நீலக் கோடு போட்ட பெரிய பெரிய துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் கரைக்கு இறங்குவார்களாம். சாயங்காலம் ஈரமும் மணலுமாக அத்தனை துண்டும் திரும்பி வருமாம். அப்பா போனில் இதைச் சொல்லும்போது கரைக்கு இறங்குகிற இடத்தோடு நானும் இறங்கிவிடுவேன். துண்டு திரும்பி வருகிற பாதிக் கதையை நான் கேட்டதே இல்லை.

அங்கே பனி கொட்டுகிற மாசங்கள்தான் எங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கிற காலம். அம்மா இருட்டுப் பிரியும் முன்பே இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குவாள். பனி சொட்டுகிற இலைகளுக்குள் கையை விட்டு விட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். நானும் தம்பியும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு மேலே இருக்கிற பாறையில் போனோடு உட்கார்ந்திருப்போம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

“ஏனுங்கப்பா, கடல் மணல் எப்படிங்க இருக்கும்?”

“மேல சூடா இருக்கும் கண்ணு. காலை உள்ள உட்டா ஜில்லுனு இருக்கும். நடந்தா கோடு கோடா விழுகும்.”

ஒரு வருஷம் அப்பா ஒரு வாக்கும் கொடுத்தார். நல்ல பேர் எடுத்தவர்களின் குடும்பத்தைக் கப்பலில் ஒரு நடை ஏற்றிக்கொள்வார்களாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கள் முறை. கேட்ட மறுநாளே இதை நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் அது. பக்கத்துப் பெஞ்சு, பக்கத்து ஊர் வாழவந்திக்காரி மட்டும், “அங்க போற பஸ் எந்த வழியா போகும்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. மலை இறங்குகிற குப்பனூர் வழியாக என்று சொல்லிவைத்தேன். அம்மா சேலத்துக்கு உரம் வாங்கப் போனபோது எனக்கு ஓர் ஓலைத் தொப்பியும் தம்பிக்கு ஒரு குட்டி பிளாஸ்டிக் வாளியும் வாங்கி வந்தாள். குளிருக்கு நடுங்கிக்கொண்டே அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். கனவெல்லாம் வெயில்.

லீவு விட்டது. எங்களை அழைத்துப் போக யாரும் வரவில்லை. அப்பாதான் வந்தார், நீலப் பெட்டியோடு, காலை பஸ்ஸில், மப்ளர் கூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு. கப்பலை ரிப்பேருக்கு விட்டிருக்கிறார்கள் என்றார். நான் உடனே நம்பினேன். எங்கள் ஊர் பஸ் மாதம் ஒரு தடவையாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுபோகும். கப்பலுக்கு மட்டும் என்ன கேடு? ஆனால் நம்பியதால் துக்கம் குறைந்துவிடவில்லை. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். பள்ளிக்கூடம் திறந்தால் வாழவந்திக்காரி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைத் துணிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே மணல். சர்க்கரை மாதிரி வெள்ளை மணல். அதில் அங்கங்கே நீலமும் வெள்ளையுமாக மெல்லிய நூல்.

“இது என்னங்கப்பா?”

“அது... கடல்ல மொளைக்கிற ஒரு பாசி” என்றார்.

அன்று இரவு பாட்டிலைக் காதில் வைத்துக் குலுக்கிக் குலுக்கிக் கேட்டேன்.

மறுநாள் பனி விலகி நல்ல வெயில். தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டையை அம்மா களத்தில் கொட்டியிருந்தாள். காப்பி ஊரில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: செடியில் சிவப்பாக இருப்பது, தோல் போனதும் வெளுத்த மஞ்சளாக, மணல் நிறத்தில் இருக்கும். சிமெண்டுத் தரையில் பரப்பி, வேளா வேளைக்குக் கிளறிவிட வேண்டும். பலகை இருந்தாலும் எங்கள் பக்கம் காலாலேயே கிளறுவோம். வெறுங்காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், பின்னால் கோடு கோடாக விழும்.

அப்பா பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அப்படி நடந்தார். பிறகு வீட்டில் இருந்த பெரிய கறுப்புக் குடையை விரித்துக் கல் அண்டை கொடுத்து நட்டார். பெட்டியிலிருந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்துத் தம்பிக்கு மாட்டினார். என் தலையில் ஓலைத் தொப்பியை வைத்தார். “வாங்க, கரைக்கு எறங்கலாம்” என்றார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் இறங்கினேன். காப்பிக்கொட்டை மேலே சுடச்சுட இருந்தது. காலை உள்ளே விட்டால் ஜில்லென்றது. லேசாகப் புளித்த வாசம். மல்லாந்து படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டேன். ஓலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகக் கண்ணில் விழுந்தது. தோட்டத்தைச் சுற்றி நின்ற சில்வர் ஓக் மரங்களில் காற்று எங்கோ தொலைவில் கிளம்பி, பெருகிப் பெருகி எங்கள் மேல் வந்து, மெல்ல விலகிப் போனது. மறுபடி வந்தது. அப்பா ஆரஞ்சுப் பழம் உரித்து, தட்டை ஒரு கையில் ஏந்தி, குனிந்து வணங்கி நீட்டினார். தம்பி வாளியில் கொட்டையை அள்ளிக் கவிழ்த்துக் கோபுரம் கட்டினான். களம் மெதுவாக ஆடுவது போலவும், நாங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலவும் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் வெயிலில் கிடந்ததில்லை.

“நெஜமாவே அங்கயும் இப்படித்தானுங்களா?”

“இதேதான் கண்ணு.”

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொஞ்சமே கொஞ்சம் நிஜக் கடற்கரையைச் சேர்த்துவிட்டால் இது முழுதாகக் கரீபியனே ஆகிவிடும். உள்ளே ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, களத்தின் நடுவில் மணலை ஒரு வட்டமாகச் சுற்றித் தூவினேன். அப்பா “கண்ணு!” என்று எழுந்து வருவதற்குள் பாட்டில் காலி. மணல் கொட்டைகளின் இடுக்கில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அம்மாவின் அடிக்குத் தயாரானேன். காப்பியில் ஒரு பொடிக்கல் கிடந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். ஆனால் அன்று முதலில் முகம் மாறியது அப்பாவுக்குத்தான். வீட்டுக்குள் போய்ச் சல்லடையும் ஒரு பழைய வேட்டியும் கொண்டுவந்தார். வேட்டியை விரித்து, முட்டி போட்டு, கொட்டையைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சலிக்க ஆரம்பித்தார். கொட்டை மேலே நின்றது. மணல் துளித்துளியாக வேட்டியில் விழுந்தது.

“விடுங்கப்பா, அடுத்த தடவை போறப்ப ஒரு சாக்குல அள்ளிட்டு வாங்க” என்றேன்.

அப்பா அடுத்த கைப்பிடியை அள்ளினார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். “ஏனுங்க, நான் சலிக்கிறேன், நீங்க நூலைப் பொறுக்குங்க” என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெயில் மரங்களுக்குப் பின்னால் போய், பனி களத்தின் மேல் இறங்கும் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைப்பிடி மணலுக்காகவா இத்தனை பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டில் மறுபடி நிறைந்தபோது, மணலோடும் நூலோடும் காப்பித் தவிடும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

பொங்கல் முடிந்து அப்பா கப்பலுக்குத் திரும்பினார். எங்கள் முறை அப்புறமும் வரவில்லை. நானும் வளர்ந்துவிட்டதால் கேட்பதை விட்டுவிட்டேன். கப்பல் வேலையை அவர் விட்டுவந்து இப்போது அவரும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபின், போன மார்கழியில் இரண்டு பேரையும் வரவழைத்து பீச்சுக்கு அழைத்துப் போனேன். அம்மா தண்ணீரைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, கொட்டை கிளறுகிற நடையில் அலையை நோக்கிப் போனார். நான் கூடவே போனேன். முதல் அலை வந்து கணுக்காலைத் தொட்டுத் திரும்பியது. அப்பா சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, தண்ணி திரும்பறப்ப காலுக்கடியில மண்ணு நழுவுதே... எல்லாக் கடல்லயும் இப்படித்தானா?”

கடலில் அத்தனை வருஷம் இருந்த மனுஷர் கேட்ட கேள்வி அது. கப்பல் கரையில் நின்ற நாளெல்லாம் கீழ்த்தளத்தில் அவருக்குத்தான் வேலை அதிகம். அவர் கரைக்கு இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரைதான் ஈரத் துண்டுகளில் அவரிடம் வந்திருக்கிறது. உதறி உதறி, கூட்டிக் கூட்டி, நூலும் மணலுமாக ஒரு பாட்டில் சேர்த்திருக்கிறார். போனில் எனக்குச் சொன்ன கடற்கரை முழுக்க எங்கள் களம். நூலைப் பொறுக்கச் சொன்ன அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும்.

“இதேதானுங்கப்பா” என்றேன்.

அப்பா வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அடுத்த அலைக்காக நின்றார்.