முனியப்பனுக்கு நேர்ந்த கிடாய்

பக்ரீத்துக்கு முந்தின நாள் காலையில் மேச்சேரியிலிருந்து ஒரு கிடாயைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி சேலம் வந்து இறங்கினேன். லாரி புக்கிங் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரர், எல்லாருக்கும் பாய், அந்த வருஷம்தான் முதல்முறையாகக் குர்பானி கொடுக்கிறார். "ஆட்டை எங்கிட்ட விடுங்க" என்று மார்தட்டிய வீரன் நான். மேச்சேரியில் பட்டி வைத்து ஆடு வளர்க்கிற என் அத்தை அப்போது காட்டுக்குப் போயிருந்தார். போனில் சொல்லிவிட்டு, பட்டியில் இருந்ததிலேயே கொழுத்ததை நானே பிடித்துவந்தேன்.

பாய் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தார். கண் பழுதில்லை, நொண்டவில்லை, பல் பார்த்ததில் வயதும் சரி.

"கொம்பே இல்லியே பாய்?" எனக்குத்தான் உதறல்.

"பொறப்புலயே இல்லாட்டி குத்தமில்ல மச்சான்."

ஆகா என்று நிமிர்ந்தேன். அத்தையிடமிருந்து போன்.

"சாமி, நெத்தியில வெள்ளப்புள்ளி இருக்கறதையா புடிச்சுட்டுப் போன? அது முனியப்பனுக்கு நேந்துவுட்டதுடா!"

ஒரு பக்கம் அரிவாளோடு முனியப்பன், மறுபக்கம் விடிந்தால் பெருநாள். என் தலைக்கு அடிக்கிற மையைக் கிடாயின் நெற்றியில் பூசி, இது வேறு ஆடு என்று சாதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததை உளறியும்விட்டேன்.

பாய் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு சொன்னார்: "இப்ராஹிம் நபி பெத்த மகனையே குடுக்கத் துணிஞ்சாரு. அல்லா தடுத்து, பதிலுக்கு ஆட்டைக் குடுத்தான். அந்த ஞாபகந்தான் இது. கறியா அவனுக்குப் போவுது? மனசுதான் போவுது. இன்னொருத்தருக்குன்னு நேந்ததை அறுத்தா எனக்கும் ஆகாது, உங்கத்தைக்கும் வாக்குத் தப்பும். வண்டியத் திருப்புங்க!"

பாயும் கூடவே ஏறிக்கொண்டார். ஓமலூர் தாண்டும்வரை கிடாய் நிம்மதியாக அசைபோட்டது. நான் நகத்தைக் கடித்தேன்.

பட்டியில் பாயே தேடி இன்னொரு கிடாயைப் பிடித்தார். "இது யாருக்கும் நேரலீங்களே?"

"இல்லீங்க பாய், தைரியமா ஓட்டிட்டுப் போங்க. இவனத்தான் எதுக்காச்சும் நேந்துவுடலாமான்னு பாக்கறனுங்க" என்றார் அத்தை, என்னைக் காட்டி.

மறுநாள் தொழுகை முடிந்து குர்பானி நல்லபடியாக நடந்தது. பாய் கறியை மூன்று பங்காகப் பிரித்தார்: வீட்டுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று, சொந்தபந்தம் சிநேகிதர்களுக்கு ஒன்று. அந்த மூன்றாம் பங்கில் எனக்கு ஒரு தூக்குப்போசி, அத்தைக்கு ஒன்று. அத்தையுடையதைக் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

"அங்கயே நில்லு சாமி. பட்டிப்பக்கம் வந்துறாத."