ஊதா லைட்டில் காணாமல் போன பல்

எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாதபோது நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிள் பழகப் போய், எங்கள் பிளாக்கில் ஒரு வேப்பமரத்தில் மோதி முன்பல் பாதி உடைந்துவிட்டது. அதிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். வரன் பார்க்க ஆரம்பித்ததும் அப்பா என்னைப் பாண்டிச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் மாவு மாதிரி எதையோ உடைந்த பல்லின்மேல் அப்பி, வடிவமாக்கி, ஒரு நீல வெளிச்சத்தைக் காட்டினார். கல்லாக இறுகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எது என் பல், எது டாக்டர் வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. "முறுக்கு, கரும்பு மட்டும் கடிக்காதேம்மா" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம். மாப்பிள்ளைக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அவருடைய அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குப் பல்லு முத்தாட்டம் இருக்குது. எங்க வூட்லயும் யாருக்கும் பல்லுல ஒரு கொறை கெடையாதுங்க. என்னியே பாருங்க" என்று சிரித்துக் காட்டினார். என் அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பிறகு எனக்கு ஒரே பயம். தலைப்பொங்கலுக்கு எல்லோரும் கரும்பு கடித்தபோது எனக்கு மட்டும் 'வயிற்று வலி' வந்தது.

மாமியார் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்த சமயம், கிளப்பில் கலைநிகழ்ச்சி. ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மாமியார், நடுவில் நான். திடீரென்று விளக்கெல்லாம் அணைந்து மேடையில் ஊதா லைட் எரிந்தது. கறுப்பு உடையில் வெள்ளை எலும்பு வரைந்துகொண்டு ஆடினார்கள். இருட்டில் எலும்புக்கூடுகள் மட்டும் மின்னின. முன்வரிசையில் இருந்த எங்கள் வெள்ளைத் துணிகளும், சிரிக்கிறவர்களின் பற்களும்கூட மின்னின. நானும் என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

"ஐயய்யோ! ஏ புள்ள, உன் முன்பல்லக் காணோமே!" என்றார் மாமியார்.

நாக்கால் தடவிப் பார்த்தேன். பல் இருந்தது. டாக்டர் ஒட்டிய துண்டு மட்டும் அந்த லைட்டில் மின்னாமல் ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது. என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவரோ குனிந்து நாற்காலிக்கடியில் தேடவே ஆரம்பித்துவிட்டார். "இங்கதான் எங்கனா வுழுந்துகினு இருக்கும். மிதிச்சிடாத!"

தேடிவிட்டு நிமிர்ந்தவர், ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மேல்வரிசையில் நடுவே ஒரே இருட்டு.

எனக்கு எப்படித்தான் தைரியம் வந்ததோ. "அத்தை... உங்களுக்கு நாலைக் காணோம்" என்றேன்.

டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டார். பல்செட்! பெற்ற பிள்ளைக்கே தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். பிறகு என் காதருகே வந்து, "நீ வாய மூடிக்க. நானும் மூடிக்கிறேன்" என்றார்.

விளக்கு வந்ததும் என் கணவர், "எல்லாரும் அந்தச் சிரி சிரிக்கிறாங்க, நீங்க ரெண்டு பேரும் ஏன் உம்முனு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

வேறு வீடுகளில் மாமியார் "வாயை மூடு" என்றால் சண்டை வரும். எங்கள் வீட்டில் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, கையால் மறைக்கத் தோன்றாத சிரிப்பு.