அவரைப் படுக்கவைத்தது என் தவறு

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்.

என் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போன வருஷம் மூட்டைகள் சரிந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியதும், இனி மெல்ல நடக்கலாம் என்றார் டாக்டர். நான்தான் பயந்துபோய் அவரை எழவே விடவில்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட நானே புகட்டினேன். அவர் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. சுவரைப் பார்த்தே கிடந்தார்.

ஒருநாள் மத்தியானம் மீன் விற்றுவிட்டு வந்தால் பாயில் ஆள் இல்லை. கடல் பக்கம் போனார் என்று தெருவில் சொன்னார்கள். ராயபுரம் கடற்கரைக்கு ஓடினேன். தண்ணீர் ஓரமாக நின்றிருந்தார். கையைப் பிடித்தேன்.

"வுட்டுடும்மே. பொணமாட்டம் படுத்துகினு கீறேன். இன்னாத்துக்கு இந்த உசுரு?"

வெறுங்காலோடு ஓடியதில் பாதம் கிழிந்திருந்தது.

"என்னால நடக்க முடியல. வூடு வரிக்கும் என்னைப் புடிச்சிக்கோய்யா" என்று அழுதேன்.

பத்து இடத்தில் நின்று நின்று, என்னைத் தாங்கியபடி வந்தார். அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். தினமும் நடக்கட்டும், தனியே மட்டும் விடாதே என்றார். இப்போது காலையில் இருவரும் நடக்கிறோம். அவருக்குத் துணையாக யாராவது இருந்தால்தான் மீன் கூடையைத் தூக்குகிறேன். கொஞ்சம் தூங்குகிறார். ஆனால் துக்கம் போகவில்லை. பழைய வேலையும் இனி இல்லை. சில நாள் எழவே மாட்டேன் என்பார். அப்போது, "சாவணும்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேட்கிறேன். ஆமாம் என்றால் அன்று நான் கூடையைத் தொடுவதில்லை.