பூட் ஆகாத கணினியைப் படம் எடுத்தது

என் மனைவி நர்ஸ் வேலைக்கு வளைகுடா போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. குலசேகரத்தில் நானும் நான்கு வயது மகளும் மட்டும். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். வெறும் குரலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஆற்றாமையாகிவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கும் அவள் முகம் வேண்டியிருந்தது. வெப் கேமரா வாங்கினேன். வாங்கிய வாரமே கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்த் தொலைந்தது.

நண்பர் ஒருவர் லினக்ஸ் சி.டி. தந்தார். ஹார்ட் டிஸ்க் இல்லாமலே சி.டி.யிலிருந்து ஓடும் என்றார். போட்டேன். சின்னம் ஒன்று வந்தது, பிறகு திரை கறுத்துவிட்டது.

அதை உருவாக்கிய தன்னார்வலர் குழுவுக்கு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதினேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதிப் பழகிய கை. மரியாதைக்குரிய ஐயாவில் தொடங்கி, மனைவியைப் பிரிந்த கஷ்டத்தையும் சேர்த்து, ஆவன செய்ய வேண்டுமென்று பணிவோடு முடித்திருந்தேன். என்ன கணினி என்று ஒரு வார்த்தை இல்லை. மனு உருக்கமாக இருந்தால் காரியம் நடக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

பதில் எழுதியவர் பொறுமைசாலி. கஷ்டத்தைத் தொடவே இல்லை. எந்தக் கணினி, எவ்வளவு மெமரி, மெனுவில் எதைத் தேர்ந்தீர்கள், எந்த வரியோடு நின்றது என்று கேட்டிருந்தார். பூட் ஆகும் முன் மெனுவில் ‘குவயட்’ என்ற சொல்லை அழித்தால் மறைந்திருக்கும் வரிகள் தெரியும். திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்.

மச்சினனின் கேமரா போனை இரவல் வாங்கினேன். சொன்னபடி செய்ததும் வரிகள் சரசரவென்று ஓடி ஓரிடத்தில் நின்றன. படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். இதனால்தான் தாமதம் என்று மனைவிக்கும் அதே படத்தைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுவதால் பாதி வரிகள் தெரியவில்லையாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜன்னலை அடைத்து, மகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏழு படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது. அனுப்பிவிட்டு, போனை அன்றே திருப்பிக் கொடுத்தேன். கோளாறைச் சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டோடு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவி கூப்பிட்டாள்.

“படம் கிட்டிச்சு. அந்தக் கறுப்புல ஜன்னலுக்கப் பக்கத்துல நிக்கியது நம்ம மோளுதானே?”

நான் அதைக் கவனிக்கவே இல்லை. கறுத்த திரையில் எனக்குப் பின்னால் மகள் நின்றது நிழலாக விழுந்திருக்கிறது.

“ஆமா, இருக்கும்” என்றேன்.

“அவளுக்க முடிய எப்பம் வெட்டினிய?”

பேன் தொல்லைக்காகப் போன மாதம் வெட்டியது.

“நான் இங்க வரும்ப ஜன்னல்கட்டைக்குக் கீழ நிண்ணா. இப்பம் தலை மேல தெரியுது.” அவள் குரல் உடைந்தது. “முகம் மட்டும் தெரியல்ல. வேற படம் உண்டா?”

இரண்டு நாள் முழுக்கக் கேமரா போன் என் கையில் இருந்தது. பிள்ளை என் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இல்லே” என்றேன்.